கடைசித் தட்டின் கணக்கு

தமிழிலக்கியம் ஈகையைப் பாடிய அளவுக்குச் சிக்கனத்தைப் பாடவில்லை. கடையெழு வள்ளல்களின் பெயர்களைப் பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிப்பர். அவ்வள்ளல்கள் தந்த பொருள் வீடு வந்து சேர்ந்த பிறகு, அது எத்தனை நாளைக்கு வரும் என்று அடுக்களையில் நின்று எண்ணிப் பார்த்தவர்களை நாம் அறிவதற்குச் சான்றுகள் மிகக் குறைவு.

புறநானூற்றின் 163ஆம் பாடலை நண்பர்கள் அறிவர். குமணனிடம் பரிசில் பெற்று வீடு திரும்பிய பெருஞ்சித்திரனார் தம் மனைவியிடம் பேசுகிறார். உற்றார், சுற்றத்தார், பசித்த நாள்களில் அளந்து கடன் தந்து உதவியவர்கள் என எல்லார்க்கும் கொடு. என்னையும் கேட்க வேண்டா. இதை வைத்துக்கொண்டு சூழ்ச்சியாய் நாள் கடத்துவோம் என்றும் எண்ண வேண்டா என்கிறார். வகுப்பறையில் இப்பாடலைப் புலவரின் பெருந்தன்மைக்குச் சான்றாகவே பல ஆண்டுகள் நடத்தி வந்திருக்கிறோம். அந்த அம்மையார் என்ன மறுமொழி சொல்லியிருப்பார் என்று ஒரு மாணவரும் கேட்டதில்லை, நமக்கும் தோன்றியதில்லை. இத்தனைக்கும் அதே புலவர் 159ஆம் பாடலில் தம் மனைவி குப்பைக்கீரையின் இளந்தளிரைக் கொய்து, உப்பின்றி அவித்து உண்ட நிலையைச் சொல்லியிருக்கிறார். அந்தக் கீரை நாள்களை அறிந்தவருக்குத்தான், இருப்பதைப் பார்த்துச் செலவிட வேண்டும் என்ற எண்ணம் முதலில் வந்திருக்கும். அவ்வெண்ணத்தைச் சிறுமை என்று ஒதுக்குவதற்கு நமக்கு உரிமையில்லை.

வள்ளுவர் இதனை இரண்டு இடங்களில் தொடுகிறார். பொருட்பாலில், வலியறிதல் அதிகாரத்தில், வரவு சிறிதேயானாலும் செலவு அதனைவிட விரியாதிருந்தால் கேடில்லை என்கிறார். அது அரசனுக்குச் சொன்னது. ஆகவே அங்கே சிக்கனம் ஆட்சித்திறனாகிறது. அறத்துப்பாலில், வாழ்க்கைத் துணைநலம் அதிகாரத்தில், கணவனின் வருவாய்க்குத் தக வாழ்வதை மனைவியின் இலக்கணமாக்குகிறார். செய்யும் வேலை இரண்டிடத்தும் ஒன்றுதான். அரசன் செய்தால் அது அறிவென்றும், இல்லாள் செய்தால் குணமென்றும் நாம் படித்துப் பழகிவிட்டோம். குணம் என்று பெயரிட்டுவிட்டால் அதைக் கற்க வேண்டியதில்லை, பகிர வேண்டியதில்லை, அதற்கு நன்றி சொல்ல வேண்டியதுமில்லை.

வீட்டுச் சிக்கனம் ஓர் அறிவு என்பதே இக்கட்டுரையின் கருத்து. அவ்வறிவை வீட்டார் எல்லாரும் சேர்ந்து பயன்படுத்தினால் பணம் உண்மையாகவே மிஞ்சும். அதை ஒருவர் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டால், மிச்சம் அவருடைய தட்டிலிருந்து எடுக்கப்படும்.

இதை நாம் படித்து அறியவில்லை; பட்டறிந்தோம். 2023 சூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிப் பல இடங்களில் மேலும் ஏறியது நினைவிருக்கலாம். சென்னையில் நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. அம்மாதம் வீட்டு மளிகைக் கணக்கை நாமே பார்ப்பதாகச் சொல்லிப் பொறுப்பேற்றோம். பொருளியல் தெரியாத துணைவியாரால்தான் செலவு மிகுகிறது என்ற எண்ணம் உள்ளூர இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுவதே நேர்மை.

முதல் வாரத்திலேயே நம் பொருளியல் வெளுத்துவிட்டது. தாமே எடுத்துக்கொள்ளும் பெரிய கடையொன்றுக்குச் சிட்டை இல்லாமல் போனோம். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று கண்டதை எல்லாம் அள்ளினோம். வீட்டில் முக்கால் கிலோ கடுகு ஏற்கெனவே இருந்தது தெரியாமல் இன்னும் அரைக் கிலோ வாங்கினோம். கீரையும் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் ஒரே நாளில் வாங்கி, எதை முதலில் சமைப்பது என்று சொல்லாமல் விட்டோம். நான்காம் நாள் கீரை அழுகியது. வெண்டைக்காய் முற்றிப்போனது. வாரக் கடைசியில், சமைக்க ஒன்றுமில்லை என்று இரவுணவை வெளியிலிருந்து வரவழைத்தோம்.

அதன் பிறகுதான் துணைவியார் இத்தனை ஆண்டுகளாக மனத்துக்குள் வைத்திருந்த கணக்கைக் கேட்டுக் கேட்டு எழுதினோம். எழுத எழுத வியப்பே மிஞ்சியது. அதில் சிலவற்றை இங்கே தருவது பயனுடையது.

முதலாவது, அளவு. நான்கு பேர் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு முக்கால் கிலோ அரிசி என்றால், 26 கிலோ மூட்டை 34 நாள் வரும். 2022 சூலை 18 முதல், 25 கிலோ வரையிலான பெயரிட்ட அரிசிப் பொட்டலங்களுக்கு 5 விழுக்காடு சரக்கு சேவை வரி விதிக்கப்பட்டது. அதற்குப் பிறகே 25 கிலோ மூட்டை பல ஆலைகளில் 26 கிலோ மூட்டையாக மாறியது. நாம் செய்தித்தாளில் படித்து மறந்த வரிச்சட்டத்தை, மூட்டையைத் தூக்கிப் பார்த்தவர் அன்றே அறிந்திருந்தார்.

இரண்டாவது, எது பெரிய செலவு, எது சிறிய செலவு என்ற தெளிவு. நாளைக்கு 150 கிராம் பருப்பு என்றால் மாதம் நாலரைக் கிலோ. கடை கடையாய் அலைந்து கிலோவுக்கு 10 ரூபாய் குறைத்து வாங்கினாலும் மாதத்தில் மிஞ்சுவது 45 ரூபாய். திட்டமில்லாத ஒரே ஒரு மாலை அதைப்போலப் பல மடங்கை விழுங்கிவிடும். ஆகவே விலை பேசுவதைக் காட்டிலும், நாளை இரவுக்கு என்ன என்பதை இன்று இரவே முடிவு செய்வதுதான் பெரிய சிக்கனம். கொண்டைக்கடலையை முதல்நாள் இரவே ஊறப் போடுவதற்கு ஒரு காசும் செலவில்லை. நினைவு மட்டும் வேண்டும்.

மூன்றாவது, காலம். துவரை அறுவடை முடிந்து வரும் தை, மாசியிலும், புளி வரும் மாசி, பங்குனியிலும், மிளகாய் வற்றல் வரும் பங்குனி, சித்திரையிலும் ஆண்டுக்கு வேண்டியதை வாங்கி, வெயிலில் காயவைத்து, காற்றுப் புகாமல் வைப்பது நம் வீடுகளின் பழைய வழக்கம். வற்றலும் வடகமும் அவ்வழக்கத்தின் பிள்ளைகளே. பங்குனியில் மலிந்து கிடக்கும் முருங்கைக்காயை மார்கழியில் தேடினால் அதற்குரிய விலையைக் கொடுத்தே தீர வேண்டும்.

நான்காவது, மாற்று. தக்காளி நம் மண்ணின் காய் அன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அது வருவதற்கு முன்னும் நம் அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டுதான் இருந்தது. 2023இன் அந்த மாதத்தில், தக்காளி இல்லாமல் ரசமா என்று நாம் கவலைப்பட்டபோது, புளியும் மிளகும் சீரகமும் போதும் என்று துணைவியார் சொல்லிவிட்டார். எலுமிச்சை, மாங்காய், மோர் என்று புளிப்புக்கு வேறு வழிகளும் உண்டு. 2015இல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டபோது பல வீடுகளில் சாம்பார் பாசிப்பருப்புக்கு மாறியதும் இவ்வகைதான். ஒரு பொருளின் விலை ஏறும்போது அப்பொருளையே குறைந்த விலையில் தேடுவது ஒரு வழி. அது செய்யும் வேலையை வேறெது செய்யும் என்று பார்ப்பது மற்றொரு வழி. இரண்டாவதற்கு அதிக அறிவு வேண்டும்.

ஐந்தாவது, பொட்டலத்தைப் படிப்பது. விலை மாறாமலிருக்க, உள்ளேயிருக்கும் எடை குறைந்துகொண்டே வருவதை நாமெல்லாம் கண்டிருக்கிறோம். 50 கிராம் 30 ரூபாய் என்றால் கிலோ 600 ரூபாய். 200 கிராம் 100 ரூபாய் என்றால் கிலோ 500 ரூபாய். பொட்டலத்தின்மேல் கிராமுக்கு அல்லது கிலோவுக்கு என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும் என்று 2021இல் பொட்டலச் சரக்கு விதிகள் திருத்தப்பட்டன. எழுத்து சிறியதாயிருக்கும், கண்ணாடியைப் போட்டுக்கொண்டாவது படிக்க வேண்டும்.

காய்கறிக்கு உழவர் சந்தை உள்ள ஊரினர் நற்பேறு பெற்றவர்கள். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணாநகரில் முதல் சந்தை தொடங்கப்பட்டது. இடைத்தரகரின்றி விளைவித்தவரே விற்பதால் இருபுறமும் நன்மை. வாங்கி வந்ததும் எது விரைவில் வாடுமோ அதை முதல்நாளுக்கு ஒதுக்க வேண்டும். கீரை முதலில், பிறகு வெண்டைக்காயும் அவரைக்காயும், கடைசியில் வாழைக்காய், பூசணி, சேனை, உருளை. இந்த ஒரு வரிசையைப் பின்பற்றினாலே குப்பைக்குப் போவது பெரிதும் குறையும். ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, இந்திய வீடுகளில் ஆளொன்றுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 55 கிலோ உணவு வீணாவதாக மதிப்பிட்டது. நான்கு பேர் வீட்டுக்கு அது 220 கிலோ ஆகிறது. நம் வீட்டுக் குப்பைக்கூடையை அந்த முதல் வாரத்தில் பார்த்தவர்கள் இம்மதிப்பீட்டை ஐயுற மாட்டார்கள்.

இவ்வளவும் கற்று, இரண்டாம் மாதத்தில் செலவைக் கணிசமாகக் குறைத்தோம். ஏழு நாள் சமையலை ஒரு தாளில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டினோம். நாளொன்றுக்கு இன்ன காய் அரைக் கிலோ, நான்கு பேருக்குப் போதும் என்று கணக்கிட்டு வாங்கினோம். வெற்றி பெற்ற பெருமிதம் இருந்தது.

ஓர் இரவு, தண்ணீர் எடுக்க அடுக்களைக்குள் போனபோது துணைவியார் உண்டுகொண்டிருந்தார். தட்டில் சோறும் அடி ரசமும் ஊறுகாயும் இருந்தன. அன்றைய பீன்ஸ் பொரியல் இல்லை. நான்கு பேருக்கு என்று அளந்து வாங்கியது மூன்று தட்டுகளில் முடிந்திருந்தது. கேட்டதற்கு, "எனக்கு இதுவே போதும்ங்க, பிள்ளைங்க இன்னொரு தரம் கேட்டாங்க" என்றார். நம் அன்னையாரும் இதே சொற்களைச் சொல்லக் கேட்டே வளர்ந்தோம். அப்போது அது தாயன்பாகத் தெரிந்தது. இப்போது நம் கையில் கணக்கேடு இருந்ததால், அது ஒரு தொகையாகத் தெரிந்தது. நாம் மிச்சம்பிடித்ததாகப் பெருமைப்பட்ட தொகையில் ஒரு பங்கு அவர் உண்ணாமல் விட்டது. முந்தைய ஆண்டுகளில் எவ்வளவு என்று கணக்கிட வழியே இல்லை.

இது ஒரு வீட்டுக் கதை என்று தள்ளிவிடவும் முடியவில்லை. 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. இரத்தசோகைக்குக் காரணங்கள் பல. எல்லாவற்றையும் தட்டின்மேல் ஏற்றிவிட முடியாது. ஆயினும் கடைசியாக உண்பவருக்குக் காயும் கீரையும் பருப்பும் மிஞ்சாத வீட்டில், அந்த எண்ணைப் படித்துவிட்டு எளிதாகக் கடந்துபோக முடியுமா? 2019இல் எடுக்கப்பட்ட நேரப் பயன்பாட்டு ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் அதற்குச் செலவிட்டனர். சமையலைத் திட்டமிடும் எண்ணம் பேருந்திலும் அலுவலகத்திலும் உடன்வருவது. அதை எந்தக் கடிகாரத்தில் அளப்பது?

இங்கே ஒரு மறுப்பு எழலாம். சிக்கனம் பேசுவது இருப்பவர்கள் இல்லாதவர்களுக்குச் செய்யும் உபதேசம் அல்லவா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆண்டுப் புளியை மாசியில் வாங்கு என்பதற்கு, மாசியில் கையில் பணம் இருக்க வேண்டும். அன்றாடக் கூலியில் வாழ்பவர் 50 கிராம் பொட்டலம் வாங்குவது அறியாமையால் அன்று. அன்றைய கூலியில் அவ்வளவுதான் இயலும். அதனால் அவரே ஒரு கிலோவுக்கு மிகுந்த விலை கொடுக்கிறார். வருவாய் குறையக் குறைய உணவுக்குப் போகும் பங்கு கூடும் என்று எர்ன்ஸ்ட் எங்கல் 1857இலேயே எழுதினார். 2023–24 நுகர்வுச் செலவு ஆய்விலும், இந்தியச் சிற்றூர்களில் செலவில் ஏறத்தாழ 47 விழுக்காடும் நகரங்களில் ஏறத்தாழ 40 விழுக்காடும் உணவுக்கே போயின. ஆகவே தனிவீட்டின் சாமர்த்தியம் மட்டும் போதாது. மொத்தமாக வாங்கும் ஆற்றல் இல்லாதவருக்காக அரசு மொத்தமாக வாங்கித் தருவதே பொது வழங்கல். தமிழகத்தில் 2011 சூன் முதல் நியாயவிலைக் கடையில் விலையில்லா அரிசி தரப்படுவதையும், பருப்பும் பாமாயிலும் குறைந்த விலையில் தரப்படுவதையும் இலவசம் என்று எள்ளுவோர், அதனால் எத்தனை வீடுகளில் கடைசித் தட்டுக்குச் சோறு மிஞ்சியது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதே நுகர்வு ஆய்வில் நம்மைப் போன்றோருக்கும் ஒரு செய்தி உண்டு. உணவுச் செலவில் முதலிடம் பெற்றிருப்பது அரிசியும் அன்று, காயும் அன்று; பானங்களும் பதப்படுத்திய உணவுகளுமே. அலுவலகத் தேநீர், மாலைச் சிற்றுண்டி, பொட்டல முறுக்கு, வரவழைத்த இரவுணவு எல்லாம் இதில் அடங்கும். இவற்றைப் பெரும்பாலும் யார் உண்கிறோம்? வெளியே ஒருவர் இரண்டு தேநீரும் ஒரு வடையும் எண்ணாமல் செலவிட, உள்ளே ஒருவர் பொரியலை எண்ணி வைப்பது என்ன சிக்கனம்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போட்டு வீட்டில் அரைக்கும் மாவு, கடை மாவைவிடச் செலவு குறைந்தது என்பது உண்மையே. ஆனால் ஊறவைத்து, களைந்து, அரைத்து, கழுவி வைக்கும் நேரத்துக்கு விலை போடாததால் மட்டுமே அது அவ்வளவு குறைவாகத் தெரிகிறது. கணவர் அரைப்பதாயிருந்தால் வீட்டு மாவு சிக்கனம். மனைவி பணியிலிருந்து களைத்து வந்து இரவு பத்து மணிக்கு அரைக்க வேண்டுமென்றால், கடை மாவு ஊதாரித்தனம் ஆகாது. சிக்கனத்தின் பேரால் ஒருவரின் உறக்கத்தைச் செலவிடுவதும் செலவே.

ஆகவே நாம் வேண்டுவது இதுதான். மளிகைச் சிட்டையை வீட்டார் எல்லாரும் சேர்ந்து எழுதட்டும். கடைக்குப் போவதோடு ஆண்களின் பங்கு முடிந்துவிடாமல், என்ன இருக்கிறது, என்ன தீர்ந்தது, நாளை என்ன என்று நினைப்பதிலும் அவர்கள் பங்கெடுக்கட்டும். பிள்ளைகள் கிலோ விலையைக் கணக்கிடப் பழகட்டும். கணிதப் பாடத்துக்கும் அது நல்லது. விலை ஏறும் மாதத்தில் எதைக் குறைப்பது என்று எல்லாரும் அறிந்தே குறைக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சமைத்தவருடைய தட்டும் மற்றத் தட்டுகளோடு ஒரே நேரத்தில் பரிமாறப்படட்டும். நம் வீட்டில் அன்றிலிருந்து பொரியலை நான்காகப் பிரித்துவிட்டுத்தான் உண்ண அமர்கிறோம். இன்னொரு தரம் கேட்கும் பிள்ளைக்கு நான்கு தட்டுகளிலிருந்தும் கொஞ்சம் போகிறது. காய் இப்போது அரைக் கிலோவுக்குப் பதில் 600 கிராம் வாங்குகிறோம். செலவு சற்றுக் கூடியிருக்கிறது. அது முன்பே கொடுத்திருக்க வேண்டிய தொகை.

சிறுபாணாற்றுப்படையில் வறுமையின் காட்சி ஒன்று வருகிறது. பசியால் மெலிந்த கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அறியாதார் கண்டு பழிப்பரே என்று நாணிக் கதவை அடைக்கிறாள். இதுவரை படித்துவிட்டு, இல்லாமையின் கொடுமை என்று நிறுத்திக்கொள்வதே நம் வகுப்பறை வழக்கம். அடுத்து நத்தத்தனார் சொல்வதை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். அந்தக் கீரையை அவள் தன் பெருஞ்சுற்றத்தோடு ஒன்றாக இருந்து உண்கிறாள். உப்புக்கூட இல்லாத வீட்டில் தனியாகக் கடைசித் தட்டு ஒன்று இல்லை. உப்பும் பருப்பும் உள்ள நம் வீடுகளில் அது ஏன் இருக்க வேண்டும் என்பதை நண்பர்கள் இன்றிரவு உண்ண அமரும்போது எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.